வேறொரு நோயால் வந்த சர்க்கரையும் உங்கள் வாயும்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பல் மருத்துவமனையில் கொடுக்கும் படிவத்தில் ‘சுகர் உண்டா?’ என்று ஒரு கேள்வி இருக்கும். ‘உண்டு’ என்று டிக் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துவிடுகிறோம். பரம்பரையாகவோ எடை கூடியோ வந்த டைப் 2 சர்க்கரை என்றால் அந்த ஒரு டிக் ஓரளவுக்குப் போதும். ஸ்டீராய்டு மாத்திரையால் சர்க்கரை வந்தவருக்கும், கணையத்தில் கல் சேர்ந்து வந்தவருக்கும், சிறுநீரகம் மாற்றிய பிறகு வந்தவருக்கும் அது போதாது. மூவருக்கும் ரத்தத்தில் சர்க்கரை 240 என்றே காட்டலாம். ஆனால் வாயில் நடப்பது வேறு வேறு, பல் பிடுங்கும்போது பயப்பட வேண்டியதும் வேறு வேறு.

இப்படி இன்னொரு நோயாலோ மருந்தாலோ வருவதை இரண்டாம் நிலை நீரிழிவு என்கிறார்கள். உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ அண்மையில் இது வந்திருந்தால், வாய் விஷயத்தில் எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன். மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் மருத்துவர் வேலை. அதில் இந்தக் கட்டுரை தலையிடாது.

முதல் வேலை: எதனால் வந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள்

‘சுகர்’ என்று மட்டும் எழுதாதீர்கள். காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். அடிக்கடி பார்க்கிற காரணங்கள் இவை.

ஸ்டீராய்டு: ஆஸ்துமா, முடக்குவாதம், உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூபஸ், சிறுநீரில் புரதம் போகிற நோய், தோல் நோய்கள் என்று பலவற்றுக்கும் பிரெட்னிசோலோன், டெக்சாமெத்தசோன் போன்றவற்றை மாதக்கணக்கில் எழுதுவார்கள். இவை கல்லீரலை அதிகச் சர்க்கரையை வெளிவிடச் செய்யும்; இன்சுலின் இருந்தும் தசைகள் அதற்குச் சரியாகக் கட்டுப்படாது. நாட்டு மருந்து, மூட்டுவலிப் பொடி என்று பெயரில்லாமல் வாங்கிச் சாப்பிடுபவர்களும் இந்தப் பட்டியலில் வரலாம். அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு. முகம் உப்பி, பசி கூடி, வலி மட்டும் மாயமாய் மறைந்தால் சந்தேகப்படுங்கள்.

கணையம்: குடியாலோ வேறு காரணத்தாலோ நெடுநாள் கணைய அழற்சி, கணையத்தை வெட்டியெடுத்த அறுவை சிகிச்சை, கணையப் புற்று. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் நன்கு பழக்கமான இன்னொரு வகையும் உண்டு. குடிப்பழக்கமே இல்லாத, ஒல்லியான இளம் வயதினருக்குக் கணையக் குழாயில் சுண்ணாம்புக் கற்கள் சேர்ந்து வருவது அது. சின்ன வயதில் விட்டுவிட்டு வயிற்றுவலி, பிறகு எண்ணெய் மிதக்கும் மலம், அதன்பின் சர்க்கரை என்று வரும். 1959-ல் இந்தோனேசியாவிலிருந்து ஸுய்டெமா என்ற மருத்துவர் இதைப் பற்றி எழுதினார். கேரளத்தில் கீவர்கீஸ் என்ற மருத்துவர் ஏராளமான நோயாளிகளைப் பார்த்துப் பதிவு செய்தார். மரவள்ளிக்கிழங்கைத்தான் நெடுங்காலம் குற்றவாளியாக நிறுத்தியிருந்தார்கள். கிழங்கே சாப்பிடாத ஊர்களிலும் நோய் இருந்ததால் வழக்கு பாதியில் நின்றுபோனது.

உறுப்பு மாற்று மருந்துகள் (மாற்றிய உறுப்பை உடம்பு தள்ளிவிடாமலிருக்கக் கொடுப்பவை): டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின், கூடவே ஸ்டீராய்டு.

மற்றவை: ஓலான்சபின், குளோசபின் போன்ற மனநல மருந்துகள், தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயால் அடிக்கடி ரத்தம் ஏற்றுகிறவர்களுக்குக் கணையத்தில் படியும் இரும்பு, உடம்பே ஸ்டீராய்டை அதிகமாகச் சுரக்கும் குஷிங் நோய், வளர்ச்சி ஹார்மோன் அளவுக்கு மிஞ்சிச் சுரக்கும் அக்ரோமெகாலி. இந்தக் கடைசி நோயில் கீழ்த்தாடை முன்னே வரும், பற்களுக்கு நடுவே இடைவெளி விழும், நாக்கு தடிக்கும், போன வருடம் பொருந்திய பல்செட் இந்த வருடம் பொருந்தாது. சர்க்கரைக்கு மூலகாரணம் என்னவென்று பல் மருத்துவரே முதலில் சந்தேகப்பட வாய்ப்பிருக்கிற நோய் இது.

தாளில் காரணம், மருந்துகளின் பெயர், அளவு, எப்போதிலிருந்து என்று எழுதி, கடைசி மூன்று ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் சேர்த்துவிடுங்கள். செல்பேசியில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் வாயைத் திறப்பதற்கு முன் இந்தத் தாளைத்தான் நீட்ட வேண்டும்.

எந்த நேரத்துச் சர்க்கரையைப் பார்க்கிறீர்கள்?

ஈறும் புண்ணும் ஆறுவது சர்க்கரை கட்டுக்குள் இருப்பதைப் பொறுத்தது. அதனால் முதலில் சரியாக அளக்கத் தெரிய வேண்டும். இங்கேதான் புதியவர்கள் பலர் ஏமாறுகிறார்கள்.

காலை எட்டு மணிக்கு பிரெட்னிசோலோன் போடும் ஒருவரின் நோட்டைப் பாருங்கள். வெறும் வயிற்றில் 104. காலை உணவுக்குப் பின் 170. மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து 286. மாலை ஆறு மணிக்கு 261. மறுநாள் காலை திரும்பவும் 108. வெறும் வயிற்றில் மட்டும் அளந்துகொண்டிருந்தால் ‘சுகரே இல்லை’ என்று இவர் சந்தோஷமாக இருப்பார். ஈறு மட்டும் தினமும் பாதி நாள் சர்க்கரையில் ஊறிக்கொண்டிருக்கும். காலையில் ஒரு வேளை ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு ஏறுவது மதியத்திலிருந்து மாலைவரை. மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய அளவுதான் உண்மையைச் சொல்லும்.

எச்பிஏ1சி என்ற மூன்று மாதச் சராசரியும் சில நேரம் கைவிடும். ஸ்டீராய்டு ஆரம்பித்து மூன்று வாரம்தான் ஆகிறது என்றால் அது இன்னும் ஏறியிருக்காது. ரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியாக்காரர்களுக்கும், ரத்த அணுக்கள் சீக்கிரம் அழிகிற நோய் உள்ளவர்களுக்கும் அந்த எண்ணை நம்பிப் பயனில்லை. பல் மருத்துவர் ‘ஏ1சி எவ்வளவு?’ என்று கேட்டு 6.2 என்றதும் திருப்தியாகத் தலையாட்டினால், விரலில் குத்தி எடுத்த அளவுகள் உள்ள நோட்டையும் காட்டுங்கள்.

கண்ணாடி முன் ஐந்து நிமிடம்

நல்ல வெளிச்சத்தில், வாரம் ஒருநாள். செல்பேசி விளக்கு போதும்.

முதலில் ஈற்றைப் பாருங்கள். ஆரோக்கியமான ஈறு பல்லை இறுக்கிப் பிடித்து, மெல்லிய விளிம்போடு இருக்கும். தடித்து, சிவந்து, பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தால் அது ஈறு நோயின் ஆரம்பம். ‘பிரஷ் பட்டுவிட்டது’ என்று தள்ளிவிடாதீர்கள். ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ அறிஞர் 1993-லேயே ஈறு நோயை நீரிழிவின் ஆறாவது சிக்கல் என்று குறிப்பிட்டார். கண், சிறுநீரகம், நரம்பு என்று போகும் வரிசையில் ஈறும் சேர்ந்தது. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும். ஈறு கெட்டு உள்ளே சீழும் அழற்சியும் இருந்தால் சர்க்கரை இறங்க மறுக்கும். ஈறு நோயை முறையாகச் சுத்தம் செய்து சிகிச்சை எடுத்தால் மூன்று நான்கு மாதங்களில் எச்பிஏ1சி சராசரியாக 0.4 அளவுக்கு இறங்குவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கூடுதலாக ஒரு மாத்திரை தருகிற பலனுக்குப் பக்கத்தில் வருகிறது. ஆனாலும் சர்க்கரைக்கு மருத்துவரிடம் போகும்போது ஈற்றைப் பற்றி நாம் கேட்பதே இல்லை. அந்த ஆய்வுகளில் பெரும்பாலோர் டைப் 2 சர்க்கரைக்காரர்கள்தான். இருந்தாலும் ஈற்றைக் கவனித்து யாரும் நஷ்டப்பட்டதில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். ஸ்டீராய்டு சாப்பிடுபவருக்கு ஈறு வெளியே அமைதியாகத் தெரியலாம். வீக்கம், சிவப்பு, காய்ச்சல் என்று உடம்பு காட்டுகிற அடையாளங்களை அந்த மாத்திரையே அமுக்கிவிடும். உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும். புகைப்பவர்களுக்கும் ரத்தக் கசிவு குறைவாகத்தான் தெரியும். ஆகவே ரத்தம் வரவில்லை என்பது நற்சான்றிதழ் அல்ல. பல் மருத்துவரிடம் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள பள்ளத்தை அளக்கச் சொல்லுங்கள். கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை வைத்து அளப்பார். மூன்று மில்லிமீட்டர் வரை சரி. நான்கும் அதற்கு மேலும் என்றால் கவனம் தேவை. அந்த எண்களையும் உங்கள் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

முன்பற்களுக்கு நடுவில் ஈறு முண்டு முண்டாக வளர்ந்து பல்லை மூடுகிறதா? சைக்ளோஸ்போரின் எடுப்பவர்களுக்கு இது வரும். ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், வலிப்புக்கான பெனிட்டாயின் ஆகியவற்றாலும் வரும். சிறுநீரகம் மாற்றியவர்களில் சிலர் சைக்ளோஸ்போரினையும் அம்லோடிபினையும் சேர்த்தே எடுப்பதால் வளர்ச்சி இன்னும் அதிகம். பல்லில் அழுக்கு சேரச் சேர இது மோசமாகும்; சுத்தம் செய்தால் ஓரளவு அடங்கும். மாத்திரையை மாற்ற வேண்டுமா என்பதைச் சிறுநீரக மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது நாக்கும் கன்னத்தின் உட்புறமும். தயிர் ஒட்டியது போல வெள்ளைப் படலம், துணியால் துடைத்தால் வந்துவிடுகிறது, அடியில் சிவந்திருக்கிறது என்றால் அது பூஞ்சை. சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் என்ற குழாயை வைத்து இழுத்தால் இன்னும் நல்லது. பல்செட்டுக்கு அடியில் அண்ணம் சிவப்பாக இருந்தால் அதுவும் பெரும்பாலும் பூஞ்சைதான். வழவழவென்று சிவந்து எரிகிற நாக்குக்கு வைட்டமின் பி12, இரும்புக் குறைவு காரணமாக இருக்கலாம். கணைய நோயாளிகளுக்கு பி12 குறைவு உண்டு.

துடைத்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண் இருந்தால் சர்க்கரையின் மேல் பழியைப் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். முக்கியமாக வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள், குடியால் கணையம் கெட்டவர்கள், உறுப்பு மாற்றியவர்கள். வாய்ப்புற்று இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

கணையச் சர்க்கரைக்காரர்களுக்கு மட்டும்

இந்தப் பகுதி கொஞ்சம் நீளம். பல் மருத்துவமனைகளில் பெரும்பாலும் பேசப்படாத விஷயம் என்பதால் நீட்டுகிறேன்.

முதலில் என்சைம் மாத்திரை. கணையம் செரிமான நீரைச் சுரக்காததால் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கக் கொடுப்பார்கள். அந்தக் கேப்சூலுக்குள் இருப்பது புரதத்தையும் கொழுப்பையும் கரைக்கிற பொருள். அது வாயில் தங்கினால் உங்கள் கன்னத்தின் உட்புறத்தையே கரைக்கப் பார்க்கும். விழுங்கச் சிரமப்படுகிற பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் வீட்டில் கேப்சூலைப் பிரித்துச் சூடான சாதத்திலோ பாலிலோ கலந்து கொடுப்பதுண்டு. சூட்டிலும் பாலிலும் அந்தக் குருணைகளின் மேல்பூச்சு கரைந்துவிடும். வயிற்றுக்குப் போக வேண்டிய மருந்து வாயிலேயே வேலையை ஆரம்பிக்கும். உதட்டோரமும் நாக்கடியும் புண்ணாகி, ‘சுகர் வாய்ப்புண்’ என்று வைட்டமின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். முழுதாக விழுங்குங்கள். முடியாவிட்டால் மருத்துவரைக் கேட்டு, ஆப்பிள் மசியல் போன்ற புளிப்பான, சூடில்லாத, மெல்ல வேண்டாத உணவு ஒரு கரண்டியில் போட்டு உடனே விழுங்குங்கள். பிறகு தண்ணீர் குடித்து வாயைக் கொப்பளியுங்கள். பல்செட் இருந்தால் கழற்றி அடியில் குருணை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது ரத்தம் உறைவது. கொழுப்பு செரிக்காதபோது அதில் கரைகிற ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் உடம்பில் சேராது. வைட்டமின் கே குறைந்தால் பல் பிடுங்கிய இடத்தில் ரத்தம் நிற்கத் தாமதமாகும். மலம் எண்ணெயாகப் போகிறது, எடை குறைகிறது என்றால் பல் பிடுங்குவதற்கு முன் ரத்தம் சரியாக உறைகிறதா என்று காட்டும் பிடி, ஐஎன்ஆர் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். வைட்டமின் டி குறைவு தாடை எலும்புக்கும் நல்லதல்ல.

மூன்றாவது, லோ சுகர். கெட்டுப்போன கணையத்தில் இன்சுலின் மட்டுமல்ல, சர்க்கரை இறங்கும்போது அதை ஏற்றிவிடும் குளுகோகான் என்ற ஹார்மோனும் சரியாகச் சுரப்பதில்லை. இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் மற்ற சர்க்கரைக்காரர்களைவிட வேகமாகவும் ஆழமாகவும் இறங்கும். பல் வலியால் சாப்பிட முடியாத நாளும், ஊசி போட்டு வாய் மரத்துப்போன மதியமும் இவர்களுக்கு உண்மையிலேயே ஆபத்தான நேரங்கள்.

இன்னொரு சின்ன விஷயம்: ‘கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை சாப்பிடுங்கள்’ என்று இவர்களுக்குச் சொல்லியிருப்பார்கள். ஆறு வேளை என்றால் பல்லின் மேல் ஆறு தடவை அமிலம். அதை மாற்ற வேண்டாம். ஒவ்வொரு வேளைக்கும் பின் தண்ணீரால் நன்றாகக் கொப்பளித்தால் போதும். ராத்திரி லோ சுகர் வந்து குளுக்கோஸ் குடித்தாலும் அப்படியே தூங்கிவிடாமல், தெளிந்ததும் ஒரு வாய் தண்ணீர்.

தினசரி வேலை

இங்கே புதிதாகச் சொல்ல அதிகமில்லை. மென்மையான பிரஷ், ஃபுளோரைடு உள்ள பேஸ்ட், காலை இரவு இரண்டு நிமிடம். பிரஷைச் சாய்த்து, ஈறும் பல்லும் சேருகிற கோட்டில் சின்னதாக அசைத்துத் தேயுங்கள். நுரையைத் துப்பிவிட்டு வாயை ஒரேயடியாகக் கழுவாமல் விட்டால் ஃபுளோரைடு பல்லில் தங்கும். பற்களுக்கு நடுவே விடும் குட்டி பிரஷ் மருந்துக் கடையில் கிடைக்கும். ஈறு இறங்கியவர்களுக்கு நூலைவிட அது உதவும். கரி, செங்கல்பொடி, புகையிலை கலந்த பல்பொடி வேண்டாம். எண்ணெய் கொப்பளிப்பது உங்களுக்குப் பிடித்திருந்தால் செய்யுங்கள். பிரஷுக்குப் பதிலாக வேண்டாம்.

வாய் உலர்ந்தால் பல் வேகமாகச் சொத்தையாகும். சர்க்கரை ஏறி நிறைய சிறுநீர் போவதால் உலரும். கால் எரிச்சலுக்குத் தரும் அமிட்ரிப்டிலின், மனநல மருந்துகள் சில ஆகியவற்றாலும் உலரும். அடிக்கடி ஒரு மிடறு தண்ணீர், சர்க்கரை இல்லாத சூயிங்கம். எச்சில் ஊறட்டும் என்று எலுமிச்சை மிட்டாயும் சோடாவும் வேண்டாம். பல்செட்டை இரவில் கழற்றி, பிரஷால் தேய்த்து, தண்ணீரில் போட்டு வையுங்கள்.

குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷை இரண்டு வாரத்துக்கு மேல் நீங்களாகத் தொடராதீர்கள். பல்லில் பழுப்புக் கறை படியும், நாக்கு ருசி மாறும். பேஸ்ட் வைத்துத் தேய்த்த உடனே கொப்பளித்தாலும் பலன் குறையும். அரை மணி நேரம் விடுங்கள்.

பல் மருத்துவரிடம் போகிற நாள்

காலை நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். ஸ்டீராய்டு சர்க்கரை மாலையில் ஏறுவதால் அவர்களுக்கும் காலைதான் நல்லது. இட்லியோ தோசையோ வழக்கமாகச் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, வழக்கமான மருந்தைப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். ‘பல் பிடுங்கப் போகிறேன், வெறும் வயிற்றோடு போகிறேன்’ என்று இன்சுலினை மட்டும் போட்டுக்கொண்டு போவதுதான் நாற்காலியில் மயக்கம் போட நேர்வழி. முழு மயக்கம் கொடுத்துச் செய்கிற அறுவை என்றால் கதை வேறு. அப்போது வெறும் வயிறு தேவை; எந்த மருந்தை நிறுத்துவது என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளைக் குறைந்தது மூன்று நாளுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.

ஸ்டீராய்டு எடுப்பவர்கள் அன்று மாத்திரையைத் தவறவிடவே கூடாது. மாதக்கணக்கில் எடுத்தவர்களுக்கு, உடம்பின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி தூங்கிப் போயிருக்கும்; வலி, பதற்றம், அறுவை போன்ற நெருக்கடிகளில் தானாகச் சுரக்காது. ‘சுகர் ஏறுகிறதே’ என்று நீங்களாக நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மரத்துப்போக ஊசி போட்டு ஒரு பல் பிடுங்குவதற்கு வழக்கமான மாத்திரை பொதுவாகப் போதும். பெரிய அறுவை என்றால் கூடுதல் அளவு தேவையா என்று உங்கள் மருத்துவர் சொல்வார். கடந்த சில மாதங்களில் ஸ்டீராய்டை நிறுத்தியவர்களும் இதைச் சொல்ல வேண்டும்.

எலும்பு மருந்தையும் மறக்காதீர்கள். ஸ்டீராய்டால் எலும்பு தேயாமலிருக்க வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் மாத்திரையோ, வருடம் ஒருமுறை சோலெட்ரோனிக் அமில டிரிப்போ கொடுத்திருப்பார்கள். ‘கால்சியம் மாதிரி ஒன்று’ என்றுதான் பலருக்கு ஞாபகம் இருக்கும். இவற்றை எடுப்பவர்களில் சிலருக்குப் பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் வெளியே தெரிந்தபடி நின்றுவிடும். எலும்பு வலுவுக்குக் கொடுக்கும் அளவில் இது அரிது. புற்றுநோய்க்குக் கொடுக்கும் அளவில் கூடுதல். ஸ்டீராய்டும் சர்க்கரையும் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதல். இந்த மருந்தை ஆரம்பிக்கும் முன்பே பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கிவிடுவது எல்லாவற்றிலும் எளிய வழி.

நாற்காலியில் உட்காரும் முன் குளுக்கோமீட்டரில் ஒருமுறை பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் முதலில் சர்க்கரையை ஏற்ற வேண்டும். மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரை எடுப்பவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை சீக்கிரம் செரிக்காது. குளுக்கோஸ் பொடிதான் வேண்டும். பையில் ஒரு பொட்டலம் இருக்கட்டும். 250-ஐத் தாண்டியிருந்தால் அவசரமில்லாத வேலையைப் பல் மருத்துவர்கள் பெரும்பாலும் தள்ளிவைப்பார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். சீழ் கட்டி வீங்கியிருந்தால் மட்டும் தள்ளிவைக்க முடியாது. சீழை வெளியேற்றும்வரை சர்க்கரையும் இறங்காது.

எழுதிக் கொடுத்த சீட்டை ஒருமுறை சரிபாருங்கள்

பல் மருத்துவர் எழுதும் சாதாரண மருந்துகள் சில உங்கள் மருந்தோடு மோதும். டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் எடுப்பவர்கள் கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், ஃபுளுகோனசோல் ஆகியவற்றைச் சாப்பிட்டால் அந்த உறுப்பு மாற்று மருந்தின் அளவு ரத்தத்தில் எகிறி சிறுநீரகத்தைக் கெடுக்கும். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோடு ஃபுளுகோனசோல் சேர்ந்தால் லோ சுகர் வரலாம். வாய்ப் பூஞ்சைக்கு அதை எழுதினால் நினைவுபடுத்துங்கள். பல் வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் என்று கடையில் கேட்டு வாங்குவதை ஸ்டீராய்டு எடுப்பவர்களும் சிறுநீரகம் மாற்றியவர்களும் அடியோடு விட்டுவிடுங்கள். முன்னவருக்கு வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசியலாம். பின்னவருக்கு மாற்றிய சிறுநீரகமே கெட்டுப்போகலாம். பாராசிட்டமால் போதும், போதவில்லை என்றால் அது திரும்பிப் போய்க் காட்ட வேண்டிய வலி.

பிடுங்கிய பிறகு பஞ்சை அரை மணி நேரம் கடித்துக்கொண்டிருங்கள். முதல் நாள் கொப்பளிக்க வேண்டாம், ஸ்ட்ரா வேண்டாம், புகை வேண்டாம். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். ஆறிய கஞ்சி, தயிர்சாதம், குழைந்த இட்லி என்று நேரம் தவறாமல் ஏதாவது உள்ளே போகட்டும். சாப்பாடு குறைந்தால் இன்சுலினை எவ்வளவு குறைப்பது என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் வலி குறைவதற்குப் பதில் கூடினால், வீக்கம் ஏறினால் போய்க் காட்டுங்கள்.

அன்றே ஓட வேண்டியவை

2021-ல் கொரோனா இரண்டாம் அலையில் கறுப்புப் பூஞ்சையை எல்லோரும் கேள்விப்பட்டோம். அந்த மே மாதம் தமிழ்நாடு அரசு அதை மருத்துவமனைகள் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோயாக அறிவித்தது. ஸ்டீராய்டும் கட்டுக்கடங்காத சர்க்கரையும் ஒரே நேரத்தில் ஒரே உடம்பில் சேர்ந்ததுதான் பலருக்கு அது வரக் காரணம். கொரோனா குறைந்துவிட்டது, அந்தச் சேர்க்கை இன்றும் நம்மிடையே இருக்கிறது. கறுப்புப் பூஞ்சையின் அடையாளங்கள் வாயில்தான் முதலில் தெரியலாம். மேல்தாடையில் சொத்தையே இல்லாத பற்கள் இரண்டு மூன்று சேர்ந்து திடீரென ஆடும். அண்ணத்தில் நிறம் மாறிக் கறுப்பாகப் பொருக்கு கட்டும். கன்னம் மரத்துப்போகும் அல்லது ஒரு பக்கம் வீங்கும். மூக்கிலிருந்து கறுப்பாகச் சளி வரும், கண் இமை தொங்கும், பார்வை இரண்டாகத் தெரியும். இப்படி இருக்கும்போது ஆடுகிற பல்லைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வரக் கூடாது. காது மூக்கு தொண்டைப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்கு அன்றே போங்கள். மருந்தும் அறுவையும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு எலும்பு மிஞ்சும்.

தாடைக்கு அடியில் கல் மாதிரி வீங்கி, விழுங்க முடியாமல், வாய் திறக்க முடியாமல், மூச்சு முட்டினாலும் இப்படியே. காலைவரை காத்திருக்க வேண்டாம்.

ஸ்டீராய்டை நிறுத்திய பிறகு

மருத்துவர் மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தியதும் பலருக்குச் சர்க்கரை இறங்கிவிடும். அளவு குறையக் குறைய சர்க்கரை மருந்தையும் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். இல்லாவிட்டால் லோ சுகர் வரும். முழுதாக நின்ற பிறகும் வருடத்துக்கு ஒருமுறை சர்க்கரை பாருங்கள். ஒருமுறை ஸ்டீராய்டில் ஏறியவர்களுக்குப் பின்னாளில் டைப் 2 வர வாய்ப்பு அதிகம். ஈற்றில் கரைந்த எலும்பு மட்டும் தானாகத் திரும்பி வராது. அதனால் சர்க்கரை போய்விட்டது என்று பல் பரிசோதனையை விட்டுவிடாமல், ஈறு நோய் இருந்தவர்கள் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறையும், மற்றவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் போய்ப் பள்ளத்தை அளந்துகொண்டு வாருங்கள். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது. சர்க்கரை மாத்திரை வாங்கப் போகிற அதே நாளில் அந்த வரிசையிலும் ஒரு சீட்டு போட்டுவிடலாம்.